ஈஸ்டர் திருநாள்: நாளும் பொருளும்

கிறித்தவர் எடுக்கும் விழாக்களுள் ஊரறிந்தது கிறிஸ்துமஸ். ஆயினும் காலத்தால் மூத்ததும், சமயக் கருத்தால் தலையாயதும் ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புத் திருநாளே ஆகும். கிறிஸ்து பிறந்த நாளை டிசம்பர் 25இல் கொண்டாடியதற்குரிய உறுதியான சான்று நான்காம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. உயிர்ப்புத் திருநாளோ இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெரியதொரு வழக்குக்கு இடந்தரும் அளவுக்கு வேரூன்றி நின்றது. அவ்வழக்கு, கிறிஸ்து உயிர்த்தெழுந்தாரா இல்லையா என்பது பற்றியதன்று. அதில் இரு தரப்பாருக்கும் ஐயம் இருந்ததில்லை. எந்த நாளில் அதனைக் கொண்டாடுவது என்பதே வழக்கு. பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்வழக்கு முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

நாள்காட்டியைப் புரட்டுவோர்க்கு இதில் ஒரு வியப்பு உண்டு. கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருகின்றது. ஈஸ்டரோ மார்ச்சு 22ஆம் தேதிக்கும் ஏப்ரல் 25ஆம் தேதிக்கும் இடையே ஊசலாடுகின்றது. அதற்கு இரு நாள் முன்னர் வரும் பெரிய வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் பொது விடுமுறை. மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் விடுமுறை. அவ்விடுமுறையும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொண்டேயிருக்கும். இந்த இடமாற்றத்துக்குக் காரணம் தேடிச் சென்றால், அவ்விழாவின் பிறப்பையும் பொருளையும் ஒருங்கே அறியலாம்.

பாஸ்காவின் வழி வந்தது

எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த தம் முன்னோர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றதை நினைந்து யூதர் ஆண்டுதோறும் எடுக்கும் விழா பாஸ்கா. எபிரேய மொழியில் அதன் பெயர் 'பெசாக்'. கடந்து போதல் என்பது அச்சொல்லுக்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். எகிப்தியரின் தலைப்பிள்ளைகளை மாய்த்த சாவு, ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய நிலைகளையுடைய இசுரவேலர் வீடுகளைத் தீண்டாமல் கடந்து சென்றது என்பது யாத்திராகமம் கூறும் செய்தி. எருசலேமில் கோயில் இருந்த காலத்தில், நிசான் மாதம் 14ஆம் நாள் பிற்பகலில் ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்படும். அன்றிரவு புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் குடும்பத்தார் கூடியிருந்து அதனை உண்பர்.

யூதரின் மாதம் பிறையோடு தொடங்குவது. ஆகவே 14ஆம் நாள் என்பது நிறைமதியை ஒட்டிய நாள். மேலும், நிசான் மாதம் இளவேனிற் பருவத்திலேயே வருதல் வேண்டும். திங்களைக் கொண்டு எண்ணும் ஆண்டு கதிரவனாண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவுடையது. அக்குறையை நிரப்ப 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தை மிகுதியாகச் சேர்ப்பது யூதர் கணக்கு. தைத் திங்களில் நிறைமதியும் பூச மீனும் கூடும் நாளை ஆண்டுதோறும் தேடும் தமிழர்க்கு இம்முறை விளங்காத ஒன்றன்று.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது இந்தப் பாஸ்கா விழாவின் போதுதான். நான்கு நற்செய்தி நூல்களும் இதில் ஒத்துச் செல்கின்றன. அன்று வெள்ளிக்கிழமை என்பதிலும், உரோம ஆளுநன் பொந்தியு பிலாத்துவின் ஆட்சிக் காலம் என்பதிலும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும், இயேசு தம் மாணாக்கரோடு உண்ட இறுதி உணவைப் பாஸ்கா உணவாகவே காட்டுகின்றனர். யோவானோ, பாஸ்கா உணவு அதற்குப் பின்னரே உண்ணப்பட இருந்தது என்கிறார். அவ்வாறாயின், கோயிலில் ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்பட்ட அதே பிற்பகலில் இயேசு சிலுவையில் தொங்கினார் என்றாகிறது. இவ்வேறுபாடு பின்னாளைய வழக்குக்கு வித்தாயிற்று. வானநூற் கணக்கையும் ஏனைய சான்றுகளையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரு வெள்ளிக்கிழமைகளுள் ஒன்றையே பெரும்பாலும் ஏற்பர்.

யேசுவே நமது பாஸ்கா ஆட்டுக்குட்டி என்னும் கருத்தைப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் கடிதத்திலேயே காணலாம். அக்கடிதம் கி.பி. 50ஐ அடுத்த சில ஆண்டுகளில் எழுதப்பட்டது. நற்செய்தி நூல்கள் நான்கினும் பழைமையானது. அடிமைத்தளையினின்றும் விடுதலை என்ற யூதர் கருத்து, பாவத்தினின்றும் சாவினின்றும் விடுதலை என்று விரிந்த இடம் அது.

கல்லறைக்குச் சென்ற பெண்கள்

வாரத்தின் முதல் நாள் விடியலில் கல்லறைக்குச் சென்றவர் பெண்கள். அவர்களுள் மகதலேனா மரியாளின் பெயரை நால்வரும் குறிக்கின்றனர். ஏனைய பெண்களின் பெயர்களிலும், கல்லறையில் கண்டவற்றிலும் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. பெண்டிர் சான்றை வழக்கில் ஏற்றல் ஆகாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிய நூற்றாண்டு அது. கதையை இட்டுக்கட்டுவோர் இத்தகைய சாட்சிகளை முன்னிறுத்தியிரார் என்பது அறிஞர் சிலர் காட்டும் காரணம். அக்காரணம் நிகழ்ச்சியை மெய்யென்று நிறுவிவிடாது. ஆனால் அம்மரபு மிகத் தொன்மையானது என்பதை நிறுவப் போதிய வலிவுடையது. பவுல் தரும் சாட்சிகளின் பட்டியலில் இப்பெண்கள் இல்லை என்பதும் கருதத்தக்கது.

மாற்கு எழுதிய நூலின் முடிவு இன்னும் வியப்பானது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படி, வத்திக்கான் படி ஆகிய இரு பெரும் ஏடுகளிலும், வெறுமையான கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடினர், அச்சத்தால் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற அளவில் அந்நூல் நின்றுவிடுகிறது. இன்று விவிலியத்தில் அதனைத் தொடர்ந்து காணப்படும் பன்னிரண்டு வசனங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பது பெரும்பாலான அறிஞர் முடிபு. மகிழ்ச்சி விழாவின் மிகப் பழைய கதை அச்சத்தில் முடிகிறது. அப்பெண்கள் அன்று வாய் திறவாதிருந்தால் இச்செய்தி எவ்வாறு பரவியது என்ற கேள்வியைப் படிப்போரிடமே மாற்கு விட்டுச் செல்கிறார் போலும்.

மகதலேனா மரியாளை ஒழுக்கம் தவறிய பெண்ணாகக் காட்டும் மரபு மேலை நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. அதற்கு நற்செய்தி நூல்களில் ஆதாரம் இல்லை. 2016இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளை அப்போஸ்தலர்க்குரிய விழாக்களின் நிலைக்கு உயர்த்தினார்.

நிசான் பதினான்கா? ஞாயிறா?

இனி, வழக்குக்கு வருவோர் முதலில் காணவேண்டியது ஆசியா மைனர். இன்று துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியாக விளங்கும் அந்நிலத்துக் கிறித்தவர், யூதரைப் போலவே நிசான் 14ஆம் நாளில் தம் பாஸ்காவைக் கொண்டாடினர். அது திங்களாயினும் புதனாயினும் அவர்க்கு ஒன்றே. உரோமாபுரி, அலெக்சாந்திரியா முதலிய இடங்களில் இருந்தோர், உயிர்த்தெழுந்தது ஞாயிறு ஆதலின் விழாவும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வரவேண்டும் என்றனர். முன்னவர் கருத்தில் சாவும் உயிர்ப்பும் பிரிக்கமுடியாத ஒரே விடுதலை. பின்னவர் கருத்தில் உயிர்ப்பே விழாவின் உச்சி. ஆகவே இது வெறும் நாட்சண்டை அன்று.

ஏறத்தாழ கி.பி. 155இல் சிமிர்னா நகரத்து ஆயர் போலிகார்ப்பு முதுமையில் உரோமாபுரிக்கு வந்து, அந்நகரத்து ஆயர் அனிசேதஸுடன் இதுபற்றி உரையாடினார். போலிகார்ப்பு, தாம் யோவான் முதலிய அப்போஸ்தலரோடு கூடிக் கைக்கொண்ட வழக்கம் இது என்றார். அனிசேதஸ், தமக்கு முன்னிருந்த மூத்தோர் வழக்கத்தைத் தாம் விட இயலாது என்றார். இருவரும் மற்றவரை இணங்கச் செய்யவில்லை. ஆயினும் அனிசேதஸ் தம் திருச்சபையிலேயே திருவிருந்துச் சடங்கை நடத்தும் சிறப்பைப் போலிகார்ப்புக்கு அளித்தார். அமைதியோடு பிரிந்தனர்.

ஒரு தலைமுறைக்குப் பின் நிலைமை மாறிற்று. ஏறத்தாழ 190இல் உரோமாபுரி ஆயராயிருந்த விக்டர், ஆசியா மைனர் சபைகள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். எபேசு நகரத்து ஆயர் போலிகிராத்தீஸ் அதற்கு எழுதிய மறுமொழி வரலாற்றாசிரியர் யூசேபியுஸின் நூலில் காக்கப்பட்டுள்ளது. தம் குடும்பத்தில் எழுவர் ஆயராயிருந்தனர் என்றும், தாம் எட்டாமவர் என்றும், அறுபத்தைந்து ஆண்டுகள் ஆண்டவர் வழியில் வாழ்ந்த தம்மை அச்சுறுத்தல் அசைக்காது என்றும் அம்முதியவர் எழுதினார். சினங்கொண்ட விக்டர் அப்பகுதிச் சபைகள் அனைத்தையும் உறவினின்றும் விலக்க முற்பட்டார். ஒரு மாநிலம் முழுவதையும் தன் ஆணையால் விலக்க உரோமாபுரி முனைந்ததற்கு நாம் அறியக் கிடைக்கும் முதற்சான்று இதுவே எனலாம்.

விக்டரைத் தடுத்தவர் அவர் கருத்தை உடையவரே என்பது இங்குச் சிறப்பு. காலியாவில், இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில், ஆயராயிருந்த இரேனியுஸ் ஞாயிற்றுக்கிழமையையே கைக்கொண்டவர். ஆயினும் இளமையில் போலிகார்ப்பைக் கண்டு அவர் வாய்மொழி கேட்டவர். நாளில் மட்டுமன்றி நோன்பிலும் வேறுபாடு உண்டு, சிலர் ஒரு நாளும், சிலர் இரு நாளும், சிலர் மேலும் பல நாளும் நோன்பிருக்கின்றனர், இவ்வேறுபாடு சமய ஒற்றுமையைக் குலைக்காமல் அதனை உறுதிப்படுத்துகின்றது என்று அவர் விக்டருக்கு எழுதினார். இரேனியுஸ் என்ற கிரேக்கப் பெயர்க்கு அமைதியாளர் என்பது பொருள். பெயருக்கேற்ற செயல் என்று யூசேபியுஸ் பாராட்டுகின்றார்.

நிசேயாவில் நடந்தது

கி.பி. 325இல் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா பொதுச் சங்கம் ஆரியுஸின் கொள்கையை ஆராயவே முதன்மையாகக் கூடியது. ஈஸ்டர் நாளையும் அது எடுத்துக்கொண்டது. 'இளவேனிற் சமஇரவு நாளுக்குப் பின்வரும் நிறைமதியை அடுத்த ஞாயிறு' என்னும் விதியை அச்சங்கம் இயற்றியது எனப் பல நூல்கள் எழுதிச் செல்கின்றன. சங்கத்தின் இருபது விதிகளுள் அப்படியொன்றும் இல்லை. சங்கம் அனுப்பிய கடிதத்தாலும், பேரரசனின் கடிதத்தாலும் தெரிய வருவன இரண்டே: எல்லாரும் ஒரே நாளில் கொண்டாடவேண்டும், யூதர் கணக்கைப் பின்பற்றிய கிழக்குச் சபைகள் அதனைக் கைவிடவேண்டும். கணக்கிடும் பணி, வானநூற் புலமையில் பெயர்பெற்ற அலெக்சாந்திரியாவுக்கு நாளடைவில் உரியதாயிற்று. அந்நகர ஆயர் ஆண்டுதோறும் விழா நாளை அறிவித்துக் கடிதம் விடுப்பர். அவற்றுள் அத்தனாசியுஸ் 367இல் விடுத்த கடிதத்தில்தான், இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே முதன்முதலாகப் பட்டியலிடப்பட்டன.

பேரரசனின் கடிதம் யூதரைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுகிறது. விழா நாளைக் கணிக்க அவர்களை எதிர்பார்த்திருத்தல் இழிவு என்பது அவன் வாதம். தாயிடமிருந்து பிள்ளை பிரிந்து செல்வது இயற்கை. பிரியும்போது தாயை இகழ்ந்து செல்லவேண்டும் என்பதில்லை. இவ்விகழ்ச்சி கான்ஸ்டன்டைனுடன் தொடங்கியதும் அன்று. சார்தை நகரத்து ஆயர் மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டில் பாஸ்காவைப் பற்றி ஆற்றிய பேருரை, 1940இல் பப்பைரஸ் ஏட்டிலிருந்து பதிப்பிக்கப்பட்டது. சொல்நயம் மிக்க அவ்வுரை, இயேசுவின் சாவுக்கு இசுரவேல் இனத்தின்மீதே பழி சுமத்துகிறது. மெலித்தோவோ யூதரின் நிசான் 14ஆம் நாளையே விழாவாகக் கொண்டவர்! நாளை யூதரோடு பகிர்ந்துகொண்டவர் நாவிலேயே அக்கசப்பு பிறந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

அதன் விளைவு கொடிது. பெரிய வெள்ளி, ஈஸ்டர் நாள்கள் ஐரோப்பிய யூதர்க்கு அச்சந்தரும் நாள்களாயின. 1903இல் அன்றைய உருசியப் பேரரசைச் சேர்ந்த கிஷினேவ் நகரில் ஈஸ்டர் நாளன்று தொடங்கிய கலகத்தில் 49 யூதர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கர் பெரிய வெள்ளியன்று யூதர்க்காகச் செய்யும் மன்றாட்டில் இருந்த இழிசொல்லை 1959இல் போப்பாண்டவர் இருபத்து மூன்றாம் அருளப்பர் நீக்கினார். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார்மீதும் இன்றைய யூதர்மீதும் பழி சுமத்தல் தகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. விழாவின் பொருளில் அண்மை நூற்றாண்டில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுவே எனல் தகும்.

அட்டவணை தந்த ஆண்டுக் கணக்கு

ஈஸ்டர் நாளைக் கணிக்க முயன்ற முயற்சி உலகத்துக்கு எதிர்பாராத ஒரு கொடை தந்தது. 19 கதிரவனாண்டுகளும் 235 திங்கள் மாதங்களும் ஏறத்தாழ ஒத்திருக்கும். இதனை அடிப்படையாகக் கொண்டு 525இல் உரோமாபுரியில் தியோனீசியுஸ் என்னும் துறவி ஈஸ்டர் அட்டவணை ஒன்று வகுத்தார். அவருக்கு முன்னிருந்த அலெக்சாந்திரிய அட்டவணை பேரரசன் டயோக்கிளீசியன் பட்டமேறிய ஆண்டிலிருந்து எண்ணியது. அவனோ கிறித்தவரைக் கொடுமைப்படுத்தியவன். அக்கொடியவன் பெயரால் ஆண்டுகளை எண்ண விரும்பாத தியோனீசியுஸ், கிறிஸ்து பிறந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினார். கி.மு., கி.பி. என்று உலகம் எழுதும் ஆண்டுக் கணக்கின் பிறப்பு இதுதான். ஏரோது மன்னன் கி.மு. 4இல் இறந்தான் என்று பெரும்பாலோர் கொள்வதால், அவன் காலத்தில் பிறந்த இயேசுவின் பிறப்பு அக்கணக்கின்படி கி.மு.வில் சென்று விழுகின்றது என்பது வேறு செய்தி.

அட்டவணைகள் பல இருந்தமையால் அரண்மனைக்குள்ளும் குழப்பம் புகுந்தது. இங்கிலாந்தின் வடபகுதியாகிய நார்த்தம்பிரியாவை ஆண்ட ஓசுவியு மன்னன் அயர்லாந்துத் துறவியர் வழிவந்த பழைய 84 ஆண்டுச் சுற்றைப் பின்பற்றினான். அரசி எயன்பிளேட் கெண்ட் நாட்டிலிருந்து வந்தவள். உரோமாபுரிக் கணக்கைப் பின்பற்றினாள். ஆகவே மன்னன் நோன்பு முடித்து விழா உண்ணும்போது, அரசி இன்னும் நோன்பிலிருந்து குருத்தோலை ஞாயிற்றைக் கொண்டாடிக்கொண்டிருப்பாள் என்று பீடு என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். 664இல் விட்பி மடத்தில் இது வழக்காடப்பட்டது. ஒரு பக்கம் கொல்மான், மறுபக்கம் வில்பிரிடு. விண்ணுலகத் திறவுகோல் பேதுருவிடம் தரப்பட்டதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளவே, வாயிற்காவலரைப் பகைத்துக்கொள்ள விரும்பாத மன்னன் புன்னகையோடு உரோமாபுரியின் பக்கம் தீர்ப்பளித்தான். வானநூலால் தீராதது அச்சத்தால் தீர்ந்தது! கொல்மான் தம் துறவியருடன் நாட்டை விட்டகன்றார்.

மேலைக் கிறித்தவம் ஒரு வழிப்பட்டபின், கணக்கே பிழைபடத் தொடங்கிற்று. ஜூலியஸ் சீசர் வகுத்த ஆண்டு மெய்யான ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் மிகுதியுடையது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்நிமிடங்கள் நாள்களாயின. பதினாறாம் நூற்றாண்டில், மார்ச்சு 21 என்று ஏட்டில் குறித்த சமஇரவு நாள் வானத்தில் மார்ச்சு 11லேயே நிகழ்ந்துவிட்டது. 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரியார் ஆணையால் அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமையாயிற்று. மருத்துவர் லிலியுஸ் வகுத்த திட்டத்தைக் கணித அறிஞர் கிளாவியுஸ் விளக்கி நிலைநிறுத்தினார். போப்பாண்டவரின் ஆணை என்பதனாலேயே பிரிட்டன் 1752 வரை அதனை ஏற்க மறுத்தது. இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அலுவலகச் சுவர்களில் தொங்கும் நாள்காட்டி, ஈஸ்டரை ஒழுங்குபடுத்தப் பிறந்த நாள்காட்டியே.

பெயர் பற்றி ஒரு குறிப்பு

ஈஸ்டர் என்ற பெயர் பாபிலோனியத் தெய்வமாகிய இஷ்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுவர். ஒலி ஒப்புமை அன்றி அதற்குச் சான்று இல்லை. ஆங்கிலேயர் ஏப்ரல் மாதத்தை யொட்டிய திங்களுக்கு 'எயோஸ்திரே' என்னும் தெய்வத்தின் பெயரை வழங்கினர் என்று பீடு 725இல் எழுதினார். அப்பெயருடைய தெய்வத்தைக் குறிப்பவர் அவர் ஒருவரே. ஆயினும் 1958இல் ஜெர்மனியில் கிடைத்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உரோமர் காலக் கல்வெட்டுகளில், இதனையொத்த பெயருடைய தாய்த்தெய்வங்கள் காணப்படுவதால் பீடு கூறியதை அடியோடு தள்ளிவிடுதல் இயலாது. எப்படியாயினும் பெயர்தான் அவ்வாறு வந்தது, விழா அன்று. ஆங்கிலமும் ஜெர்மனும் நீங்கலாகப் பெரும்பாலான மொழிகள் பாஸ்கா என்னும் சொல்லையே வழங்குகின்றன. இத்தாலியர் 'பாஸ்குவா' என்பர். பிரெஞ்சுக்காரர் 'பாக்' என்பர். இந்தோனேசியர் 'பாஸ்கா' என்பர். தமிழிலும் கத்தோலிக்கர் உயிர்ப்பு விழாவின் இரவைப் பாஸ்கா திருவிழிப்பு என்றே கூறுகின்றனர். தமிழ் வேதாகமத்தில் 'பஸ்கா' என்பது யூதரின் விழா. ஒரே சொல் இரு விழாக்களையும் இன்றளவும் பிணைத்து வைத்திருக்கின்றது.

முட்டைக்கு வேறு மறைபொருள் தேடவேண்டியதில்லை. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகளோ நோன்பிருப்பதில்லை. நாற்பது நாளில் சேர்ந்த முட்டைகள் விழாவன்று வெளிவந்தன. கிழக்குச் சபையார் அவற்றுக்குச் சிவப்புச் சாயமிட்டு கிறிஸ்துவின் இரத்தத்தை நினைவுகூர்வர். முட்டை கொணரும் முயல் பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியின் குழந்தைக் கதை.

இன்றைய கிறித்தவர்க்கு

பழங்காலத்தில் ஈஸ்டர் இரவே திருமுழுக்கு இரவு. நீருள் மூழ்குவது கிறிஸ்துவோடு சாதல். எழுவது அவரோடு உயிர்த்தல். அகுஸ்தீனார் 387இல் மிலான் நகரில் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றதும் அவ்விரவிலேதான். பின்னர், அவ்விரவு வழிபாடு மேலைச் சபையில் சனிக்கிழமைக் காலைக்கு மாறி, வெயிலில் மெழுகுதிரி ஏற்றும் பொருளற்ற சடங்காய்த் தேய்ந்தது. 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதனை மீண்டும் இரவுக்கே மாற்றினார். இருளில் புதுத் தீ மூட்டி, ஒரே பாஸ்காத் திரியிலிருந்து ஒவ்வொருவர் கையிலுள்ள திரிக்கும் சுடர் பரவும் காட்சி பலர் எண்ணுவதுபோல் இடையறாத வழக்கமன்று, மீட்கப்பட்ட வழக்கம். சீர்திருத்தச் சபையார் பலர் விடியற்காலை ஆராதனையால் அப்பெண்கள் கல்லறைக்குச் சென்ற நேரத்தை நினைவுகூர்கின்றனர்.

பொருளைப் பற்றிய கருத்து வேறுபாடும் இந்நாளில் உண்டு. கிரேக்கர் ஆன்மாவின் அழியாமையைப் பேசினர். உயிர்ப்பு அஃதன்று, செத்தவரைக் கடவுள் எழுப்பினார் என்பதே அதன் கூற்று. அதிலும், அடிமைகளுக்கும் கலகக்காரர்க்கும் உரோமர் அளித்த மிக இழிந்த தண்டனையால் செத்தவரை எழுப்பினார் என்பதில்தான் அதன் கூர்மை உள்ளது. அரசு குற்றவாளி எனத் தீர்த்தவரைக் கடவுள் நேர்மையாளர் எனத் தீர்த்தார் என்பது பொருள். அடிமைகளும் ஏழைகளும் அச்செய்தியை விரும்பிக் கேட்டமை இயல்பே. ஜெர்மானிய அறிஞர் புல்ட்மான் 1941இல் இதனைப் பழங்காலப் புராண மொழி என்று கொண்டு, கேட்போன் உள்ளத்தில் நிகழும் மாற்றமே உயிர்ப்பின் பொருள் என்றார். அவர்க்குப் பின்வந்த பன்னென்பெர்க் வரலாற்று நிகழ்ச்சியாகவே அதனை ஆராயவேண்டும் என்று வாதாடினார். 1977இல் பின்காஸ் லாபீது என்னும் யூத அறிஞர் ஒரு நூல் எழுதி, இயேசு உயிர்த்தெழுந்ததை ஏற்பதில் தமக்குத் தடையில்லை என்றார். ஆயினும் அவரை மெசியாவாக அவர் ஏற்கவில்லை. கிறித்தவரிடையே மறுப்போர் இருக்க, யூதருள் ஏற்போர் ஒருவர் தோன்றியது புதுமை.

நாள் பற்றிய வழக்கோ மேற்கும் கிழக்கும் இரு வேறு அட்டவணைகளைப் பிடித்து நிற்பதால் தொடர்கிறது. விதி இருவர்க்கும் ஒன்றே. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒரே விழாவுக்கு இரு நாள் குறிக்கக் கண்டோர்க்கு இந்நிலை எளிதில் புலனாகும். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளுள் பெரும்பாலானவை ஈஸ்டரை மட்டும் சீசர் நாள்காட்டியாலேயே கணிக்கின்றன. அந்நாள்காட்டியின் மார்ச்சு 21 இப்போது ஏப்ரல் 3இல் விழுகின்றது. அவ்வட்டவணையின் நிறைமதியும் வானத்து நிறைமதிக்குச் சில நாள் பிந்தியது. ஆகவே சில ஆண்டுகளில் இரு ஈஸ்டர்களும் ஒன்றுபடும். சில ஆண்டுகளில் ஐந்து வாரம் விலகும். 2024இல் மேற்கர்க்கு மார்ச்சு 31, கிழக்கர்க்கு மே 5. இரு சபையாரும் ஒரே தெருவில் வாழும் சிரியா, லெபனான் போன்ற நாடுகளில், ஒரு வீட்டில் விழாவும் அடுத்த வீட்டில் நோன்புமாய்க் கழிவதுண்டு. ஓசுவியுவின் அரண்மனைக் காட்சி அங்கு இன்னும் மறையவில்லை.

தீர்வுக்கு முயற்சி இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1928இல் ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமையை அடுத்த ஞாயிற்றை ஈஸ்டராக்கிச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததே இல்லை. 1997இல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய சபைப் பிரதிநிதிகள், விதியை மாற்றாமல், சமஇரவையும் நிறைமதியையும் எருசலேமின் நெடுங்கோட்டைக் கொண்டு வானநூல் முறைப்படி கணிக்கலாம் என்றனர். அறிவுக்குப் பொருந்திய முடிவு. ஆனால் இவ்வகையில் மாறவேண்டியவர் பெரிதும் கிழக்கரே. கிரேக்க நாட்டுச் சபை 1924இல் நிலையான விழாக்களுக்கு மட்டும் புதிய நாள்காட்டியை ஏற்றபோதே பழைய நாள்காட்டியினர் எனத் தனிக்கூட்டம் பிரிந்துபோயிற்று. ஈஸ்டரையும் மாற்றினால் நேரக்கூடிய பிளவை அச்சபைகள் அஞ்சுவது காரணமற்றதன்று.

நிசேயா சங்கத்தின் 1,700ஆம் ஆண்டாகிய 2025இல், இரு கணக்கும் ஏப்ரல் 20இல் தாமாகவே ஒன்றுபட்டன. எல்லாரும் ஏற்கும் ஒரு நாளைக் கத்தோலிக்கச் சபை ஏற்க ஆயத்தமாக உள்ளது என்று அவ்வாண்டு ஜனவரியில் அறிவித்த போப்பாண்டவர் பிரான்சிஸ், அவ்விழாவுக்கு மறுநாள் காலமானார். நவம்பரில் அவருக்குப் பின்வந்த பதினான்காம் லியோவும், கான்ஸ்டான்டினோபிள் மறைமுதல்வர் பர்த்தலோமேயுவும், இஸ்னிக் என இன்று வழங்கும் நிசேயாவில் ஏரிக்கரையில் கூடி வழிபட்டனர். கணக்குகள் அடுத்து 2028 ஏப்ரல் 16இல் ஒன்றுகூடும். அதற்கு முந்திய ஆண்டில் மேற்கர்க்கு மார்ச்சு 28. கிழக்கர்க்கு மே 2.